அக்காவின் முறை

ஒரே ஒரு குளியலறை இருக்கும் வீட்டில் ஆளுக்கு ஒரு முறை வைத்துக் குளிப்பார்கள். எங்கள் வீட்டில் கல்லூரிக்கும் அப்படித்தான் போனோம். ஒருவர் படித்து முடித்து வெளியே வந்தால்தான் அடுத்தவர் உள்ளே போகலாம். வெளியே நிற்பவர்கள் சம்பாதித்து உள்ளே இருப்பவருக்குக் கட்டணம், அறை வாடகை, சாப்பாடு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டம் போட்டது அம்மா. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் காலம் முழுக்கப் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடித்தவள் அவள். அவள் போட்ட மடிப்பை யாரும் கலைக்க முடியாது, சட்டத்தையும்தான்.

அதில் இரண்டு கண்டிப்புகள் உண்டு. படிக்கிறவர் வாயைத் திறந்து பணம் கேட்கக் கூடாது. கொடுக்கிறவர் கொடுத்ததை வெளியே சொல்லக் கூடாது, கூடப் பிறந்தவர்களிடம்கூட. அம்மாவுக்கு இது பட்டுத் தெரிந்த புத்தி. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய மாமா ஒருவர் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டினார். கட்டியவர் சும்மா இருந்தாரா? கல்யாண வீடு, துக்க வீடு என்று பார்க்காமல் "இவ படிக்கிறது என் காசுல" என்று தம்பட்டம் அடித்தார். அம்மா ஒருநாள் புத்தகப் பையை அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். அதோடு படிப்புக்கு முழுக்கு. "சொல்லிக் காட்டின சோறு செரிக்காது" என்று இன்றைக்கும் சொல்வாள்.

மூத்தவள் அக்கா. முதல் முறை அவளுடையது. ஆனால் அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த வருஷம்தான் அப்பா போனார். இரண்டாமவன் அண்ணன், கடைக்குட்டி நான். அம்மாவின் சம்பளம் வாடகைக்கே மூச்சு வாங்கியது. குளியலறை வாசலில் அவசரமாக நிற்பவனுக்கு வழி விடுவதைப் போல, "நீ முதல்ல போடா தம்பி, நான் அப்புறம் போறேன்" என்று அக்கா ஒதுங்கிக்கொண்டாள். அந்த "அப்புறம்" வருவதற்குள் அவளுக்கு முப்பத்து நாலு வயதாகிவிட்டது.

போர்வெல் கம்பெனியில் போன் எடுக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்து "ஹலோ" சொல்லிக்கொண்டிருக்கிற ஜாதி இல்லை அவள். ஒருநாள் ஆள் குறைகிறது என்று துளை போடும் ரிக் வண்டியில் ஏறிப் போனவள், பிறகு இறங்கவே இல்லை. துளைக்கும் ராடு ஒவ்வொன்றும் உள்ளே இறங்கும்போதும் மேலே வரும் மண்ணையும் கல்தூளையும் தனித்தனிக் குவியலாக வைப்பார்கள். எந்த ஆழத்தில் என்ன பாறை என்று தெரிவதற்காக. அக்கா அந்தக் குவியல்களைக் கையில் அள்ளிக் கழுவிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள், சில நேரம் நாக்கிலும் வைத்துப் பார்ப்பாள். ரிக்காரர்கள் அவளுக்குப் பாறைக்கா என்று பேர் வைத்தார்கள். எங்கள் சமையலறை ஜன்னலில் கடுகு டப்பா இருக்க வேண்டிய இடத்தில் கல்லாக இருக்கும்.

அண்ணன் கண் பரிசோதனைப் படிப்பு படித்தான். அவன் முடித்து வேலைக்குப் போன பிறகு நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். மாதம் பிறந்தால் பணம் வந்துவிடும். ஒரு தடவைகூட நாங்கள் கேட்டதில்லை. என் படிப்புக்கு அண்ணனும் பங்கு போட்டான், ஆனால் பெரும்பாரம் அக்காவுடையது. சொல்லக் கூடாது என்பதால் யாரும் சொல்லவில்லை. தெரியாமலா போகும்? அவள் செருப்பைப் பார்த்தாலே தெரியும்.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்த மாதம், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அக்கா சாதாரணமாகச் சொன்னாள்.

"எனக்கு யுனிவர்சிட்டியில ஜியாலஜிக்கு இடம் கெடச்சிருக்கு. மூணு வருஷம். இப்ப என் முறை."

அண்ணன் அப்போது கல்யாணமாகி, சொந்தமாக மூக்குக் கண்ணாடிக் கடையும் வைத்திருந்தான். தொண்டையைச் செருமினான்.

"நல்ல விஷயந்தான்க்கா. ஆனா இந்த வயசுல மூணு வருஷம் வேலையை விட்டுட்டு... கடைக்கு இப்பத்தான் கண் டெஸ்ட் மெஷின் வாங்கிப் போட்டேன், தவணை கழுத்தை நெரிக்குது. இருந்தாலும் என்னால முடிஞ்ச உதவியப் பண்றேன்."

உதவியாம்! எனக்குச் சுர்ரென்று உச்சிக்கு ஏறியது. அக்காவின் முகம் மாறவில்லை.

"உதவின்னா வேண்டாம்டா தம்பி. உதவி பண்றவங்க எப்ப வேணா நிறுத்தலாம்" என்றாள். எழுந்து போய்த் தட்டைக் கழுவினாள்.

அவள் விட்டாலும் நான் விடுவேனா? "ஊர்ல இருக்கறவன் கண்ணையெல்லாம் சோதிக்கறியே, உன்னைப் படிக்க வச்சது யாருன்னு உனக்குத் தெரியலையா? உன் காசு ஒண்ணும் வேண்டாம். நான் ஒருத்தியே கட்டிக்கறேன்!"

"ரெண்டு சம்பளம் வாங்கல, அதுக்குள்ள வாயைப் பாரு!" என்றான் அண்ணன்.

"என் வாய்க்கு நான் வாங்கற சம்பளம் போதும்!"

அம்மா "சாப்பாட்டுத் தட்டு முன்னாடி என்ன சத்தம்?" என்று ஒரு அதட்டுப் போட்டாள். சத்தம் நின்றது, பேச்சும் நின்றது. அன்றிலிருந்து அண்ணனும் நானும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அம்மாவின் மகள். புத்தகப் பையை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருகிற ரத்தம்தானே எனக்குள்ளும் ஓடுகிறது.

அக்கா பல்கலைக்கழகத்துக்குப் போனாள். முதல் நாள் வகுப்பில் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் புதுப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றார்களாம். "உக்காருங்க, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு இவளும் அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். போனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

கட்டணத்தை நான் கட்டினேன். பள்ளிக்கூடம் தொடங்குமுன் ஒரு கூட்டத்துக்கு டியூஷன், முடிந்தபின் ஒரு கூட்டத்துக்கு டியூஷன். பின்னத்தையும் சதவீதத்தையும் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனது. அறைக்கும் சாப்பாட்டுக்கும் அக்கா தான் சேர்த்து வைத்திருந்ததை வைத்துச் சமாளித்தாள். அண்ணன் பக்கமிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருக்கட்டும், மெஷினைக் கட்டிக்கொண்டு அழட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இரண்டாம் வருஷத்துக்கும் முதல் அரையாண்டுக் கட்டணத்தை வங்கியில் கட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், சட்டப்படி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

சில மாதம் கழித்து, பள்ளிக்கூடத்தில் இருந்தபோது ஒரு போன் வந்தது. ரிக் வண்டி டிரைவர்.

"டீச்சர், பாறைக்கா படிப்ப விட்டுட்டாங்களா?"

"யாருங்க சொன்னா?"

"யாரு சொல்லணும்? இதோ தலையில துண்டைக் கட்டிக்கிட்டு எங்ககூட ராடு இறக்கிட்டு நிக்கறாங்க. ஒரு வாரமா வர்றாங்க, ராத்திரி வீட்டுக்குப் போகாம கம்பெனி ஆபீஸ்லயே படுத்துக்கறாங்க. என்னக்கான்னு கேட்டா முறைக்கறாங்க. அதான் உங்களைக் கூப்பிட்டேன்."

விடுப்புச் சொல்லிவிட்டு, முதலில் அக்கா தங்கியிருந்த அறைக்கு பஸ் பிடித்தேன். அக்காவைத் தெரியும் எனக்கு. நேரே போய்க் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பாள். அவளிடம் உண்மையை வாங்குவதைவிடப் பாறையில் தண்ணீர் வாங்குவது சுலபம்.

வீட்டுக்காரம்மா கதவைத் திறந்ததும் பொரிந்து தள்ளினார். "தங்கமான பொண்ணும்மா. வாடகை பாக்கின்னு நான் ஒரு வார்த்தை கேக்கல. அவளாவே வந்து, ஓசியில இருக்க மாட்டேன்னு சொல்லி, குக்கரை அடமானமா வச்சுட்டுப் போயிட்டா. அந்தக் குக்கர்ல விசில்கூட இல்ல, நான் அதை வச்சு என்ன பண்றது?"

"எதுக்குப் போனான்னு சொன்னாளா?"

"என்னத்தைச் சொல்றது? கொஞ்ச நாளாவே ஒரு வேளைதான் சாப்பிட்டா. கேட்டா பசியில்லம்பா. பரீட்சை வருது. இன்னும் ஒரு வாரம் வகுப்புக்கு வரலைன்னா பரீட்சை எழுத விட மாட்டாங்க, பேரை எடுத்துருவாங்கன்னு கூடப் படிக்கற பிள்ளைங்க வந்து அழுதுட்டுப் போனாங்க."

சேர்த்து வைத்த காசு என்ன அமுதசுரபியா, எடுக்க எடுக்க வருவதற்கு? அக்கா கேட்கவில்லை. கேட்க மாட்டாள். எங்கள் வீட்டுச் சட்டம் மற்றவர்களுக்குச் சட்டம், அக்காவுக்கு அது எலும்பு.

அங்கிருந்து நேரே கட்டணக் கவுண்டருக்குப் போனேன். பேரை எடுத்துவிட்டால் கட்டின பணம் அடுத்த வருஷத்துக்காவது ஆகுமா என்று கேட்க. உள்ளே இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"உங்க அக்காவுக்கு இந்த வருஷம் முழுக்கக் கட்டியாச்சும்மா. அதுக்கு மேல அரை வருஷப் பணம் கூடுதலா கெடக்கு. யாரைக் கூப்பிட்டுச் சொல்றதுன்னு தெரியாம நாங்களே முழிச்சிட்டிருக்கோம்."

"நான் அரை வருஷந்தானே கட்டினேன்? மீதி யாரு கட்டினா?"

"கண்ணாடி போட்ட ஒருத்தர். கவுண்டர் திறந்த முதல் நாளே, ஷட்டர் பாதிகூட ஏறல, அதுக்குள்ள தலைய நுழைச்சிட்டாரு. போன வருஷமும் வந்தாரும்மா. ஏற்கெனவே கட்டியாச்சுன்னு சொன்னதும் பந்தயத்துல தோத்தவர் மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போனாரு. யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு வேற சொன்னாரு."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மெஷினைக் கட்டிக்கொண்டு அழுகிறான் என்று நான் திட்டித் தீர்த்தவன், போன வருஷம் நான் முந்திவிட்டேன் என்று இந்த வருஷம் எனக்கு முந்தி வந்து மொத்தத்தையும் கட்டியிருக்கிறான். எனக்கு அது தெரியாது. இந்த வருஷமும் நான் கட்டியது அவனுக்குத் தெரியாது. கட்டணத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டோம். சாப்பாட்டுக்கு ஒருவரும் இல்லை.

ஊருக்குத் திரும்பி நேராக அண்ணன் கடைக்குள் நுழைந்தேன். ஒரு பெரியவர் மெஷினில் முகவாயை வைத்து உட்கார்ந்திருந்தார். அண்ணன் எதிர்ப்பக்கம் குனிந்திருந்தான்.

"அண்ணா, அக்கா படிப்ப விட்டுட்டா."

"விட்டுட்டாளா? ஏன்? நான்தான் முழுசா..." என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"கட்டினே, தெரியும். நானும் கட்டினேன். ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் யாரு குடுத்தா?"

"நீதானே?"

"நான் எங்க குடுத்தேன்? அவ கையில இருக்குன்னு இருந்துட்டேன்!"

"ஃபீஸ் கட்டியாச்சுன்னு தெரிஞ்சா நீ அந்தப் பணத்தைச் சாப்பாட்டுக்கு அனுப்புவேன்னு நான் நெனச்சேன்!"

"நான் பேங்க்ல கட்டினேன். எனக்கு எப்படித் தெரியும்? சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேட்டிருக்கலாம்ல?"

"சார்," என்றார் மெஷினுக்குள்ளிருந்து பெரியவர், "நான் தலைய எடுக்கலாமா?"

அண்ணி உள்ளேயிருந்து வந்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. ஊர் சண்டைக்கெல்லாம் போதும், இதுக்குப் போதாது. உங்க வீட்டுச் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடுங்க. கடையை நான் பாத்துக்கறேன், போய் அக்காவைக் கூட்டிட்டு வாங்க" என்றார். கல்லாவில் இருந்ததை அப்படியே அள்ளி அண்ணன் சட்டைப் பையில் திணித்தார்.

ஸ்கூட்டரில் போகும்போது கேட்டேன். "உதவின்னு சொன்னவன் எதுக்குப் போய்க் கட்டினே?"

அவன் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "நீ கத்துன பாரு, அது ஒண்ணுமில்ல. எப்பவும் கத்தறவதானே. அக்கா அன்னைக்கு அவ தட்டைக் கழுவிட்டு, திரும்பி வந்து என் தட்டையும் எடுத்துக் கழுவி வச்சா. அதைத்தான் என்னால தாங்க முடியல."

எனக்கு அவன் முதுகில் ஒரு அடி வைக்கத் தோன்றியது. கட்டிக்கொள்ளவும் தோன்றியது. ஸ்கூட்டர் ஓடிக்கொண்டிருந்ததால் இரண்டையும் செய்யவில்லை.

ரிக் நின்ற தெருவில் கம்பரஸர் காதைக் கிழித்தது. வெள்ளைத் தூசி பந்தல் போட்டிருந்தது. அதற்குள் தலைத்துண்டுடன் அக்கா. மெலிந்திருந்தாள், கன்ன எலும்பு தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு அண்ணன் நேரே தூசிக்குள் போனான். கண்ணாடி வெள்ளையாகிவிட்டது, எதிரே இருப்பது அக்காவா கம்பரஸரா என்றே அவனுக்குத் தெரிந்திருக்காது. கையை ஆட்டி ஆட்டி ஏதோ கத்தினான். ஒன்றும் கேட்கவில்லை. டிரைவர் பார்த்துவிட்டு இன்ஜினை அணைத்தார். சத்தம் பட்டென்று நின்றது, அண்ணனின் குரல் நிற்கவில்லை.

"நான் குடுக்கற முறை இன்னும் முடியலக்கா!"

தெருவே திரும்பிப் பார்த்தது. போர் போடச் சொன்ன வீட்டுக்காரர் பதறி வெளியே ஓடி வந்து, "என்னங்க, தண்ணி வந்துருச்சா?" என்றார்.

அக்கா துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். "எதுக்குடா ஊரைக் கூட்டறே? படிக்கறவ கேக்கக் கூடாது. நான் கேக்கல. உங்களுக்கு என்ன கஷ்டமோ, அனுப்பல. நான் யாரையும் குத்தம் சொல்லல. கொஞ்சம் காசு சேத்துட்டு அடுத்த வருஷம் திரும்பச் சேர்ந்துக்கறேன்."

"அடுத்த வருஷம் போனா இந்த வருஷ ஃபீஸ் போயிரும்க்கா" என்றேன். "அதுவும் ஒண்ணரை ஃபீஸ்."

"அது என்ன ஒண்ணரை?"

சொன்னோம். நான் பாதி சொன்னேன், அண்ணன் பாதி சொன்னான், ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சொன்னோம். அவன் ஷட்டருக்கு அடியில் தலையை நுழைத்ததை நான் சொன்னேன். என் தொண்டை கட்டிப்போனதை அவன் எங்கிருந்தோ தெரிந்து வைத்திருந்தான், அதைச் சொன்னான். அக்கா எங்களை மாறி மாறிப் பார்த்தாள். அவள் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

"ஒண்ணரை ஃபீஸ் கட்டி ஒருத்தியைப் பட்டினி போட்டீங்களேடா!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள் பாருங்கள், அப்படியே துளைக்குள் இறக்க வைத்திருந்த கேசிங் பைப் அடுக்கின் மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ரிக்காரர்கள் சிரித்தார்கள், என்ன ஏது என்று தெரியாமல் வீட்டுக்காரரும் சிரித்தார். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மூன்று பேர் முகத்திலும் வெள்ளைத் தூசியில் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது.

அண்ணன் அவள் காலடியில் குந்தினான். "அன்னைக்கு உதவின்னு சொன்னேன்ல. அந்த வார்த்தையத் திருப்பி எடுத்துக்கறேன்க்கா."

அக்கா அவன் கண்ணாடியைக் கழற்றித் தன் துண்டால் துடைக்கப் போனாள். துண்டு அதைவிட அழுக்கு. திரும்ப அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, கீழே பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குப் பசிக்குதுடா தம்பி."

எங்கள் வீட்டில் அக்கா ஒன்று வேண்டும் என்று வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணன் எழுந்து ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு படைக்கே போதுமான சாப்பாட்டை வாங்கி வந்தான். ரிக் அன்றைக்கு அதற்கு மேல் ஓடவில்லை. வீட்டுக்காரர்கூட எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார்.

அம்மாவிடம் சொன்னோம். முழுக்கக் கேட்டாள். பிறகு முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு, "அழுத பிள்ளைக்குத்தான் பால் கிடைக்கும்னு ஊரே சொல்லுது, நான் பிள்ளைங்களை அழக் கூடாதுன்னு வளத்துட்டேன். சட்டம் போட்டவ நான், நானே மாத்தறேன். இனிமே படிக்கறவ மாசம் பொறந்தா போன் போட்டு வாயைத் திறந்து கேக்கணும். கேக்கலைன்னா நான் நேர்ல வந்து நிப்பேன்" என்றாள்.

அக்கா பரீட்சைக்கு நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். கூடுதல் பணத்தை அலுவலகத்தில் அடுத்த வருஷத்துக்கு ஏற்றிக்கொண்டார்கள். குக்கர் மீண்டது, புது விசிலோடு. ஆனால் கேட்பதுதான் அவளுக்கு வராத பாடமாக இருந்தது. முதல் மாதம் போன் செய்து வெயில் எப்படி இருக்கிறது என்றாள், அம்மாவின் முட்டிவலி எப்படி என்றாள், எரிமலைக் குழம்பு ஆறி எப்படிப் பாறையாகிறது என்று எனக்கு ஒரு வகுப்பே எடுத்தாள். "அக்கா, விஷயத்துக்கு வா" என்றதும், மூச்சு விடாமல் "ரூம் வாடகைக்குப் பணம் வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். மூன்றாம் மாதம் பழகிவிட்டது. அப்புறம் என்ன, ராஜாங்கம்தான். களப்பயணத்துக்குப் பூட்ஸ் வேணும், சுத்தியல் வேணும், பழைய சுத்தியல் சரியில்லை வேற வேணும். "கேக்கச் சொன்னது தப்பாப் போச்சு" என்று அண்ணன் புலம்புவான். புலம்பும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும், லாட்டரி விழுந்தவன் மாதிரி இருக்கும்.

மூன்றாம் வருஷம் முடிந்தது. அந்தத் துறையில் அக்காவுக்கு இரண்டாவது இடம். நிலத்தடி நீர் ஆராயும் அலுவலகத்தில் வேலையும் கையோடு கிடைத்தது.

பட்டமளிப்புக்கு எல்லோரும் போனோம். ரிக்காரர்கள் வண்டியைக் கழுவி, தாங்களும் குளித்து, கடைசி வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அம்மா, நான், அண்ணன், அண்ணி நடுவில். அக்காவின் பெயரை வாசித்தபோது கடைசி வரிசையிலிருந்து வந்த விசிலில் பாதிப் பெயர்தான் கேட்டது. அக்கா கறுப்பு அங்கியில், தலையை நிமிர்த்தி, மேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தாள். மேடை அவளுடைய சொந்த இடம் மாதிரி நடந்தாள். எனக்குக் கண்ணீர் மறைத்தது. அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டு கை தட்டினான், பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொன்னதை அவன் காதில் வாங்கவே இல்லை.

அப்போது அம்மா எழுந்தாள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவர் தோளைத் தட்டி, மூன்று வரிசைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"மேடையில நிக்கறாளே, அவ என் மூத்தவ. இதோ இவங்க ரெண்டு பேரையும் படிக்க வச்சது அவ. அவளைப் படிக்க வச்சது இவங்க ரெண்டு பேரும். ஃபீஸு, வாடகை, சாப்பாடு, சுத்தியல் வரைக்கும் எல்லாம் இவங்க காசு!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. புடவையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, சத்தமா சொல்லாத. வெளிய சொல்லக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்டே?"

அம்மா என் கையைத் தட்டிவிட்டாள்.

"போடி! இதைச் சொல்லாம வேற எதைச் சொல்றது?"